இரவலும் உடைமையும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்லூரியின் பழங்கதைகளை எழுத எம்மினும் மூத்தோர் பலருளர். அதிபர்களைப் பற்றியும், விடுதி வாழ்க்கையைப் பற்றியும், கிரிக்கெற் ஆட்டங்களைப் பற்றியும் அவர்கள் எழுதுவதே முறை. யாம் கணினிக்குச் செய்நிரல் எழுதிப் பிழைத்து வருகின்றோம். ஆதலின் எம் தொழிலிலுள்ள சிறு விடயமொன்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம். சிறு விடயம் என்றோம். ஆயின் அதன் காரணமாக ஒருவர் பெயர் இன்னொருவர் பெயராகிப் போனதையும், அதற்காக மூன்றாமவர் ஒருவர் பழி சுமந்ததையும் கண்ணாரக் கண்டோம்.

விடயம் இதுதான். சீ என்னும் கணினி மொழியில் எழுதிய செய்நிரலும் பைதன் மொழியில் எழுதிய செய்நிரலும் தம்முள் ஒரு சொல்லைப் பரிமாறிக்கொள்ளும்போது, அச்சொல் தங்கியிருக்கும் நினைவகத்துக்கு உடையவர் யார்? அதனை எப்போது, யார் விடுவிப்பது?

இன்று உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவர் பைதனை அறிவர். அவர்களுக்கு மூத்தோருட் கணினி கற்றவர் பலர் சீ மொழியிலேதான் கைபழகினர். சீ, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி என்பவர் ஆக்கியது. பைதன், ஆம்ஸ்ரடாம் நகரில் ஆய்வு நிலையமொன்றிற் பணிபுரிந்த கைடோ வான் றொசம் என்பவர் 1991இல் வெளியிட்டது. நம்மிற் பெரும்பாலோர் வழங்கும் பைதன் சீ மொழியிலேயே எழுதப்பட்டது என்பதை இளமாணவர் மனங்கொள்க. மூத்தவன் தோளிலேறி இளையவன் திருவிழாப் பார்க்கின்றான். கீழே நிற்பவன் கால் எங்கே ஊன்றியிருக்கின்றது என்பதை அவன் நினைப்பதில்லை.

சீ மொழியிற் சரம் என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்த பைற்றுகளின் வரிசை. அதன் முடிவிலே சுழியப் பைற்று ஒன்று நிற்கும், அதுவே முற்றுப்புள்ளி. சரத்தின் நீளம் எங்கும் எழுதப்பட்டிராது. சுழியம் வரும்வரை எண்ணியே அறிதல் வேண்டும். ஒரு சரத்தை இன்னொரு செய்நிரற் பகுதிக்குக் கொடுப்பதெனினும், உண்மையிற் கொடுப்பது அது தொடங்கும் இடத்தின் முகவரியை மட்டுமே. அம்முகவரிக்குச் சுட்டி என்று பெயர். முகவரியைப் பெற்றவன் அங்கே குடியிருப்பவர் எத்தனை நாளைக்கு இருப்பார் என்பதை அறியான்.

பைதனில் அவ்வாறன்று. அங்கே சரம் ஒரு பொருள். தன் நீளத்தைத் தானே அறியும். தன்னைச் சுட்டுவோர் எத்தனைபேர் என்னும் கணக்கையும் தன்னுடனே வைத்திருக்கும். ஒருவர் சுட்டினாற் கணக்கில் ஒன்று கூடும். விட்டால் ஒன்று குறையும். கணக்குச் சுழியமானதும் பொருள் மறையும்; அதனிடம் வேறொரு பொருளுக்கு வழங்கப்படும். செய்நிரல் எழுதுவோர் இதுபற்றி நினைக்கவே வேண்டுவதில்லை. சீயிலோ, இடம் வேண்டுமெனின் மலோக் என்னும் கட்டளையாற் கேட்டுப் பெறவேண்டும்; வேலை முடிந்ததும் ஃபிறீ என்னும் கட்டளையால் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடாதுவிடின் இடம் வீணே அடைபட்டுக் கிடக்கும். ஒரே இடத்தை இருமுறை கொடுத்தாலோ செய்நிரலே வீழ்ந்துபடலாம்.

உடைமையைப் பற்றிச் சொல்லுமுன் அளவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தமிழிற் செய்நிரல் எழுதுவோர்க்கு இஃது இன்றியமையாதது. யாழ்ப்பாணம் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அரிச்சுவடி கற்ற பிள்ளை அதில் ஆறெழுத்து என்னும்: யா, ழ், ப், பா, ண, ம். பைதனைக் கேட்டால் 11 என்னும். யூனிக்கோட் முறையிலே அரவுக்கும் குற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உள. சீ மொழியில் நீளம் அளக்கும் கட்டளையைக் கேட்டால் 33 என்னும், யூ.ரி.எவ்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக் கொள்ளும். முடிவிலுள்ள சுழியத்தையும் சேர்த்து 34 பைற்று ஒதுக்கவேண்டும். பைதன் தன்னகத்தே இச்சொல்லை வைத்திருப்பது வேறொரு வகை. 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பு முதலாகக் குறிக்கு ஒன்று, இரண்டு, நான்கு பைற்று என்னும் மூவகையுட் பொருந்துவதை அது தெரிந்துகொள்ளும். தமிழுக்கு இரண்டு, ஆகவே குறிகளுக்கு மட்டும் 22 பைற்று. ஒரே ஊர், கேட்போருக்கேற்ப ஐந்து அளவு.

அவ்வூரின் ஆங்கிலப் பெயருக்கும் எழுத்து ஆறே, பைற்றும் ஆறே. ஆங்கிலத்தை மனத்துட்கொண்டு எழுதுவோர், ஊர்ப்பெயருக்கு 32 பைற்றுத் தாராளம் என்று கருதி ஒதுக்கிவிடுவர். சுழியம் போக எஞ்சுவது 31. அதனுள் யாழ்ப்பாணத்தின் முதற் பத்துக் குறிகளும், பதினோராவது குறியின் ஒரு பைற்றும் அடங்கும். அப்பதினோராவது குறி மகரத்தின் மேலுள்ள குற்று. குற்றில் மூன்றிலொரு பங்கைக் கொண்டுபோய்ப் பைதனிடம் கொடுத்தால், இது யூ.ரி.எவ்-8 அன்று என அது மறுத்துவிடும். மறுப்பது நன்று. அளவு பாராமல் எழுதும் சீச் செய்நிரலோ எல்லையைத் தாண்டி அயல்வளவில் இரண்டு பைற்றை எழுதிவிடும். எல்லை வேலி சற்றே நகர்ந்தால் என்னவாகும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாம் சொல்லவேண்டுவதில்லை.

இனி உடைமைக்கு வருவோம். 2023ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தார் எம்மை அழைத்திருந்தனர். மக்கள் பெயரைத் தமிழிற் பதிந்து அட்டை வழங்குவது அவர்கள் பணி. ஒரே பெயர் பலவாறு எழுதப்பட்டிருப்பினும் ஒப்புநோக்கிக் கண்டுபிடிக்கும் சீ நிரலகம் ஒன்று அவர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. அதனை எழுதியவர் விலகிப் பல்லாண்டுகளாயின. அதன்மேற் பைதனிலே புதிதாக ஒரு முகப்பு அமைத்திருந்தனர். இரண்டையும் இணைத்தது சீ-ரைப்ஸ் என்னும் தொகுதி. அது 2006இல் 2.5ஆம் பதிப்புடன் பைதனோடு சேர்ந்தது.

முறைப்பாடுகள் இரண்டு. செய்நிரல் நாள்தோறும் நினைவகத்தை விழுங்கிப் பருத்து வந்தது. இரவில் நிறுத்திக் காலையில் மீள ஓடவிட்டே சமாளித்தனர். மற்றையது, அட்டைகளில் இடையிடையே ஒருவருக்குரிய இடத்தில் வேறொருவர் பெயர் அச்சாகியது. முதலாவதையே அவர்கள் பெரிதாக எண்ணி எம்மை அழைத்தனர். இரண்டாவதைத் தட்டச்சுப் பிழையென்று முடிவுகட்டி, எழுதுவினைஞராகிய அம்மையார் ஒருவர் தலையிற் சுமத்தியிருந்தனர். எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தாயிற்று. தாம் அப்பெயர்களை அடிக்கவேயில்லை என்று அவர் சொன்னதைக் கேட்பாரில்லை. ஆகவே அவர் ஒரு கொப்பி வாங்கினார். தாம் அடித்த பெயரை இடப்பக்கத்திலும் அட்டையில் வந்த பெயரை வலப்பக்கத்திலும் தேதியிட்டு எழுதிவந்தார். எம்மிடமிருந்த கருவிகள் எல்லாவற்றினும் அந்தக் கொப்பியே எமக்கு மிகுதியும் உதவிற்று.

அதைப் புரட்டியபோது ஒன்று புலனாயிற்று. மாறிவந்த பெயர், உரிய பெயரோடு ஏறத்தாழ ஒத்த நீளமுடையதாகவே எப்போதும் இருந்தது. எடுத்துக்காட்டுக்குச் சொல்வதாயின், பொன்னம்பலம் என்பவருடைய அட்டையிற் சிற்றம்பலம் வருவார், சின்னத்தம்பியும் வருவார், கந்தசாமி வாரார். கை தவறி அடிக்கும் பெயர் நீளம் பார்த்தா வரும்?

நடந்தது இது. பைதன் முகப்பு ஒவ்வொரு பெயரையும் யூ.ரி.எவ்-8 பைற்றுப் பொருளாக மாற்றி, அதன் முகவரியைச் சீ நிரலகத்துக்குக் கொடுத்தது. மாற்றியது அழைப்பின் உள்ளேயே. அதற்கென ஒரு மாறியும் வைக்கவில்லை. அழைப்பு முடிந்ததும் அப்பொருளைச் சுட்டுவோர் ஒருவருமிலர், கணக்குச் சுழியமாயிற்று, பைதன் இடத்தை மீட்டுக்கொண்டது. அதன் மட்டில் அது செய்தது சரியே. சீ நிரலகமோ பெயரைப் படியெடுத்து வைக்கவில்லை. முகவரியை மட்டும் தன் அட்டவணையிற் குறித்துக்கொண்டு, பெயர் அங்கேயே இருக்கும் என்று நம்பியிருந்தது. முழுவதும் சீயில் எழுதிய பழைய முகப்பு இருந்த நாளில் அந்நம்பிக்கை பிழைக்கவில்லை; அம்முகப்புப் பெயர்களை இறுதிவரை வைத்திருந்தது.

ஒத்த நீளம் எங்கிருந்து வந்தது? 512 பைற்றுக்கு மேற்படாத சிறு பொருள்களுக்குப் பைதன் தானே அறைகள் அமைத்து வைத்திருக்கின்றது. 64 பிற்று இயந்திரத்தில் அவ்வறைகள் 16, 32, 48, 64, 80 எனப் பதினாறு பதினாறாகப் பெருகுவன. பைற்றுப் பொருளொன்று, சுழியம் உட்பட, தன் மேற்செலவுக்கு 33 பைற்று எடுத்துக்கொள்ளும். பொன்னம்பலம் 33 பைற்று, கூட்டினால் 66, ஆதலின் 80 பைற்று அறையிற் குடிபுகுவார். சிற்றம்பலமும் 33. சின்னத்தம்பி 36, கூட்டினால் 69, அதே அறைவகை. கந்தசாமி 24, கூட்டினால் 57, அவருக்கு 64 பைற்று அறை போதும். இறுதியாகக் காலியான அறையையே பைதன் பெரும்பாலும் முதலில் வாடகைக்குக் கொடுக்கும். பொன்னம்பலம் வெளியேறியதும் அடுத்து வந்த சின்னத்தம்பி அதே அறையில் அமர்ந்தார். நிரலகம் பழைய முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டியது. உள்ளேயிருந்தவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தது.

பரீட்சித்துப் பார்த்தபோது இப்பிழை ஏன் தென்படவில்லை என்று கேட்கலாம். பரீட்சித்தவர்கள் பெயர்களை முன்கூட்டியே பைற்றுகளாக மாற்றி ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, பின் ஒவ்வொன்றாகக் கொடுத்தனர். பட்டியல் இருக்குமட்டும் பெயர்களும் இருந்தன, முகவரிகளும் மெய்யாயிருந்தன. பரீட்சையிற் சித்தி, வேலையிற் தவறு. உறுதிப்படுத்த யாம் செய்தது எளிது. பைதனின் நினைவகப் பகிர்வைச் சோதனை முறையில் ஓடவிட்டால், விடுவித்த இடமெல்லாம் ஒரே குறியால் நிரப்பப்படும். அவ்வாறு ஓடவிட்டு ஒரு பெயரைக் கொடுத்துத் திரும்பக் கேட்டோம். பெயருக்குப் பதிலாக அக்குறியே வரிசையாக வந்து நின்றது.

இதிற் பைதனையும் குறைகூற இயலாது. சீயையும் குறைகூற இயலாது. சரத்தை வாங்கும் கட்டளை அதனைப் படியெடுக்குமா, முகவரியை வைத்துக்கொள்ளுமா என்பது சீயில் அக்கட்டளையின் வடிவத்திலிருந்து தெரியாது. எழுதியவர் சொன்னாலன்றி அறிய வழியில்லை. யுனிக்ஸ் மரபிலேயே இதற்கு இரட்டைப் பிள்ளைகள் உளர். சூழல் மாறியை அமைக்கும் கட்டளைகளுள் புற்-என்வ் என்பது கொடுத்த முகவரியையே வைத்துக்கொள்ளும். செற்-என்வ் என்பது படியெடுத்துக்கொள்ளும். ஆவணத்தைப் படித்தவர்க்கே வேறுபாடு புலனாகும். சொல்லாமல் முகவரியை வைத்துக்கொள்வது அவமரியாதை என்பதே எம் கருத்து.

பைதனின் சீ இடைமுகம் இவ்வகையில் நேர்மையானது. பொருட்சுட்டுகளைப் பற்றிய அதன் ஆவணங்களில் இரவல் என்றும் உடைமை என்றும் பொருள்படும் சொற்கள் வெளிப்படையாக வழங்குகின்றன. சரத்தின் யூ.ரி.எவ்-8 வடிவத்தை ஒரு வழியாற் கேட்டால், சரம் அதனைத் தன்னுள் ஆக்கி வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் தரும். அது சரம் உள்ளவரை உள்ளது. நாம் அதனை விடுவித்தலாகாது. வேறொரு வழியாற் கேட்டால் நமக்கென்றே புதிதாக எழுதித் தரும். அதனை விடுவிக்கும் கடமை நம்முடையது. இரவல் என்னும் சொல் எம்மவர்க்குப் புதிதன்று. கலியாண வீட்டுக்கு இரவல் வாங்கிய நகையை மறுநாட் காலையிற் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதன்பின்னும் அதனை அடைவுவைக்க எண்ணுவார் யாருமிலர். எம் நிரலகம் எண்ணியது அதுவே.

மற்றைய முறைப்பாடு, பருத்தல், இதற்கு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. நிரலகம் பெயரைச் சீர்செய்து மலோக்கிற் பெற்ற இடத்தில் எழுதி, முகவரியைப் பைதனுக்குக் கொடுத்தது. வாங்கியவர் விடுவிக்கவேண்டும் என்பது எழுதியவர் கருத்து. முகப்பை அமைத்தவர்கள் திரும்ப வருவது எழுத்துச் சுட்டி என்று சீ-ரைப்ஸுக்கு அறிவித்திருந்தனர். அவ்வாறு அறிவித்தால் சீ-ரைப்ஸ் மிகுந்த உபகாரமாக ஒன்று செய்யும்: சுழியம் வரும்வரை படித்துப் புதிய பைற்றுப் பொருளொன்று ஆக்கித் தந்துவிட்டு, முகவரியை எறிந்துவிடும். எறிந்தபின் அதனை விடுவிக்க எவராலும் இயலாது. 34 பைற்றுக் கேட்டால் 64 பிற்று லினக்ஸ் இயந்திரத்தின் வழக்கமான மலோக் 48 பைற்று ஒதுக்கும். பத்து இலட்சம் அழைப்புக்கு 4 கோடியே 80 இலட்சம் பைற்று. ஒரு பெயரைப் பதிய ஆயிரக்கணக்கான பெயர்களோடு ஒப்பிடும் நிரலகத்துக்குப் பத்து இலட்சம் பெருந்தொகையன்று.

மருந்து எளிது. திரும்ப வருவது வகையறியாச் சுட்டி என்று அறிவித்தால் முகவரி கையில் நிற்கும். அவ்விடத்திலிருந்து சரத்தைப் படியெடுத்துக்கொண்டு, முகவரியை நிரலகத்திடமே திருப்பிக் கொடுக்கவேண்டும். பைதனிலிருந்தே ஃபிறீயை அழைத்தால் என்ன என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அழைக்கலாம், சில இயந்திரங்களில் ஒன்றும் நேராது. விண்டோஸில் நிரலகமும் பைதனும் வெவ்வேறு சீ இயங்குதொகுதிகளைப் பயன்படுத்தக்கூடும். ஒன்றிற் பெற்றதை மற்றொன்றிற் கொடுத்தால் இரண்டும் குழம்பும். பைதன் தரும் இடத்துக்கும் இதுவே விதி. பைதனின் பகிர்வுக் கட்டளையால் இடம் பெற்று வெறும் ஃபிறீயால் விடுவித்த நிரலகங்கள், 2016இல் 3.6ஆம் பதிப்பு வந்து அக்கட்டளையின் உள்ளமைப்பு மாறும்வரை தற்செயலாகவே பிழைத்திருந்தன. ஆகவே விடுவிக்கும் கட்டளையொன்றை நிரலகத்திலேயே எழுதிச் சேர்த்தோம், தந்தவரிடமே கொடுத்தல்.

திரும்பும் வகையை அறிவிக்கவே மறந்தால் இன்னொரு கூத்து. சீ-ரைப்ஸ் அதனை முழுவெண் என்று கொள்ளும். 64 பிற்று முகவரியில் 32 பிற்று வெட்டுண்டுபோம். தெருப்பெயர் இல்லாத வீட்டிலக்கத்தோடு தபாற்காரன் அலைவதுபோல.

அட்டவணைப் பிழைக்கு யாம் செய்தது, நிரலகம் தான் வைத்துக்கொள்ளும் பெயரைத் தானே படியெடுத்துக்கொள்ளுமாறு மாற்றியது. படியெடுத்தல் வீண்செலவு என்று அவ்விளைஞர் மறுத்தார். பல கோடி பைற்றுப் பனுவலாயின் அவர் சொல் ஏற்கத்தக்கதே. அங்கே பைற்றுப் பொருளைப் பைதன் பக்கத்தில் உயிரோடு வைத்திருக்கும் வழியைத் தேடலாம். 33 பைற்றுப் பெயரைப் படியெடுக்கும் செலவை அளந்து காட்டுமாறு கேட்டோம். அளந்தார், பின் அதுபற்றிப் பேசவில்லை. நிரலகத்தின் தலைப்புக் கோப்பில் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே, கொடுத்தது இரவலா உடைமையா, விடுவிப்பவர் யார் என்று ஒவ்வொரு வரி எழுதச்செய்தோம். அவ்வேலைக்கு இரண்டு நாள் சென்றது. ஏனைய திருத்தம் எல்லாவற்றுக்கும் ஒரு பிற்பகல்.

இரவில் நிறுத்தும் வழக்கம் ஒழிந்தது. எச்சரிக்கைக் கடிதமும் மீளப் பெறப்பட்டது. எழுத்தில் தரவேண்டும் என்று அம்மையார் கேட்டு அவ்வாறே பெற்றுக்கொண்டார். கொப்பியை எம்மிடம் தர அவர் இசையவில்லை. படமெடுத்துக்கொள்ள மட்டும் இடந்தந்தார். முன்னர் வழங்கிய அட்டைகளிற் பிழைபட்டவை எவை என்பதை அறியக் கணினியில் ஒரு தடயமும் இல்லை. கொப்பியிலிருந்த பெயர்களுக்கு மட்டும் புதிய அட்டை தபாலில் அனுப்பப்பட்டது. ஏனையோர் தத்தம் அட்டையைக் கொண்டுவந்து காட்டினால் மாற்றித் தரப்படும் என்று, யாம் விடைபெற்ற நாளில் வாயிற் கதவிலே அறிவித்தலொன்று ஒட்டியிருந்தனர்.